சுவரை விட்டு இறங்கியவள்

இளவேனிலின் முகத்தை முதன்முதலில் ஆணியடித்துச் சுவரில் மாட்டியவர் பல்லடத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மருந்தாளுநர் பட்டயம் முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, புகைப்படம் ஒட்டிய சான்றிதழைக் கையில் வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

படித்துப் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் மருந்துக்கடையில் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆள் நிற்பதற்குப் பதிலாக அவருடைய சான்றிதழ் தொங்கினால் போதும் என்று கடைக்காரர்கள் பலர் அந்தச் சட்டத்தைத் தங்கள் வசதிக்கு மடித்துக்கொண்டார்கள். படித்தவர் வீட்டில் இருப்பார், காகிதம் வேலைக்குப் போகும், மாதம் பிறந்தால் ஒரு கவர் வரும். இதை வெட்கக்கேடு என்று யாரும் நினைத்ததில்லை. கல்யாணப் பேச்சில்கூட, "பொண்ணோட சர்டிபிகேட் கடையில ஓடுதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா மாரப்பனுக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. காலகாலமாக அடுத்தவர் காட்டில் களை எடுத்த குடும்பத்தில் ஒரு பெண்ணின் முகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகிறது என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் ஆகாது? "என்ற புள்ள படிச்சது பொட்டிக்குள்ள கெடக்கறதுக்கு, நாலு பேர் பாக்கற எடத்துல தொங்கட்டுமுங்க" என்றார்.

தொங்கினாள். இரண்டு வருடம் தொங்கினாள். ஒரு நாள் பல்லடத்தில் உறவுக்காரர் வீட்டுச் சீருக்குப் போனவளுக்கு, தன் முகம் தொங்குகிற இடத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. பட்டுச்சேலையோடு கடை வாசலில் போய் நின்றாள். கல்லாவில் கடைக்காரரின் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். அதற்கு முன் கோழிப்பண்ணையில் தீவனம் அளந்தவன். இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவன் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டி, "ஒடச்சு ஒடச்சுக் குடுங்க, சரியாயிரும்" என்று நீட்டினான்.

"ஏனுங்க, கொழந்தைக்கு அந்த மாத்திர ஆகாதுங்க" என்று இளவேனில் பதறினாள்.

"நீங்க யாருங்க அதச் சொல்ல?"

அவள் அவன் தலைக்கு மேலே சுவரைக் காட்டினாள். "அதுல இருக்கறது நாந்தானுங்க."

அவன் திரும்பிச் சட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் சட்டத்தைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அதுதான் செவுத்துல இருக்கறீங்களே அம்மணி. அங்கயே இருந்துக்கோங்க. எறங்கி வந்து யாவாரத்தக் கெடுக்காதீங்க."

பாதி அட்டையை வாங்கிக்கொண்டு அந்தத் தாய் போய்விட்டாள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று? இளவேனிலுக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குக் கிடைத்த தண்டனை. அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு ஏறிச் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அப்பா ஒரு மாதம் பேசவில்லை. அவள் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு போய்ப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

இருபத்தெட்டு வயதில் கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. பெயர் எதற்கு? நான்கு மாடி, நீலக் கண்ணாடி, வாசலில் செயற்கை நீரூற்று, அது ஓடுகிற நாட்களில் மட்டும் முதலாளி ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம். தரைத்தளத்தில் மருந்துக் கவுண்டர். ஒரு கம்பி ஜன்னல், அதற்குள் இளவேனில். மேலே டாக்டர்கள் எழுதுவார்கள், கீழே அவள் எடுத்துக் கொடுப்பாள். ஒரு மருந்தும் இன்னொரு மருந்தும் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் என்று அவள் மாடிக்குப் போன் செய்தால், மறுமுனையிலிருந்து கேள்வி வரும். "நீங்க டாக்டரா, ஃபார்மசியா?" அந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் போனை வைத்ததும் மருந்தை மாற்றினார்கள். ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. தவறை ஒத்துக்கொள்ள வாய் திறந்தால் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் அறுந்து விழுந்துவிடும் போலிருக்கிறது.

அப்போதுதான் அந்த வெளிநாட்டு வாரியத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டாள். மருந்தாளுநர்களிலேயே நிபுணர்கள் இருக்கிறார்கள், புற்றுநோய்க்கு ஒருவர், தீவிர சிகிச்சைக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர் என்று. தேர்வு எழுதிப் பாஸ் செய்தால் வாரியம் நிபுணர் என்று சான்று தரும். அதோடு விட்டுவிடாது. ஏழு வருடத்துக்கு ஒரு முறை, படித்ததை மறக்கவில்லை என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். அந்த நிபுணர் கவுண்டருக்குள் உட்கார மாட்டார், டாக்டரோடு வார்டுக்குள் நடப்பார், நோயாளியின் கட்டிலருகே நின்று மருந்தைப் பற்றிப் பேசுவார். கட்டிலருகே! அந்தச் சொல் இளவேனிலின் தூக்கத்தைக் கொண்டு போயிற்று.

சூலூரிலிருந்து காந்திபுரம் பஸ்தான் அவளுடைய கல்லூரி. பாடப்புத்தகத்தை நகலெடுத்து நாலாக மடித்து, ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் காகிதமுமாக நின்றபடி படித்தாள். முதல் தடவை தோற்றாள். அன்றைக்கு அவள் கணவன் அருண்குமார் பம்பு கம்பெனியில் எல்லோருக்கும் காரச்சேவு வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி. "அமெரிக்காக்காரனே வேண்டாம்னு சொல்லிப்போட்டான், இனியாச்சும் ஊட்டுல சோறு நேரத்துக்கு ஆவுமான்னு பாக்கறேன்" என்றானாம். கணவன் என்ற பதவிக்கு மட்டும்தான் தேர்வும் கிடையாது, ஏழு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டியதில்லை.

இரண்டாம் தடவை, முப்பத்தொன்பதாம் வயதில், பாஸ் செய்தாள்.

மருத்துவமனை கொண்டாடியது. மருத்துவ இயக்குநர் டாக்டர் சசிதர் சால்வை போர்த்தினார். சசிதர் மரியாதையில் ஊறியவர். ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார். "இது நம்ம ஆஸ்பத்திரிக்கே பெருமைங்க. உங்களுக்குன்னு தனி ரூம் போட்டுடறேனுங்க" என்றார். போட்டார். இரண்டாம் மாடியில் 'மருந்து ஆலோசனை நிபுணர்' என்று பித்தளைப் பலகை. அதன் பக்கத்தில் தேக்குச் சட்டத்தில் அவளுடைய சான்றிதழ். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். அறை பூட்டியே இருக்கும். உள்ளே முதலாளி மகள் கல்யாணத்தில் மிச்சமான தாம்பூலப் பைகளும், பழைய சக்கர நாற்காலிகளும் இருந்தன. நிபுணர் தரைத்தளத்தில், கம்பி ஜன்னலுக்குள், "சில்லறை இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. வார்டு எப்போது என்று கேட்கப் போனால் சசிதர் புன்னகைப்பார். "பாக்கலாமுங்க." அந்தப் புன்னகையில் பல்லடத்து மைத்துனனின் வயிறு குலுங்குவதை இளவேனில் பார்த்தாள்.

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அறை திறந்தது. வியாழக்கிழமை, மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்கிற ஆய்வுக் குழு வருகிறது. தாம்பூலப் பைகள் மாயமாகி, மேசையும் நாற்காலியும் வந்திருந்தன, ஒரு பிளாஸ்டிக் பூச்செடிகூட வந்திருந்தது. சசிதர் அவளுக்கு நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். மேசையில் இரண்டு கட்டுக் காகிதங்கள்.

"ஒண்ணுமில்லீங்க இளவேனில். உள்நோயாளி ஒவ்வொருத்தருக்கும் நிபுணர் மருந்தப் பாத்து ஒரு தாள் எழுதோணுமாம். எட்டு மாசத் தாள் நம்மகிட்ட இல்ல. ஆபீஸ்ல பசங்க அடிச்சு வெச்சுட்டாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

மேல் தாளைப் பார்த்தாள். நோயாளியின் பெயர், மருந்துகள், கீழே ஒரே வரி. 'பரிசீலிக்கப்பட்டது. குறை ஏதும் இல்லை.'

"நான் இவங்க யாரையுமே பாக்கலீங்களே டாக்டர்."

"அதுக்குத்தான் ஒண்ணாந்தேதில இருந்து உங்கள வார்டுக்கே மாத்தறேனுங்க. ரவுண்ட்ஸ்ல என்கூட நடங்க. ஆர்டர் அடிச்சுக் கவர்ல போட்டாச்சு. இந்தக் கட்டு முடிஞ்சா அந்தக் கவர் உங்க கைக்கு வரும்."

அவர் போய்விட்டார். இளவேனில் கட்டை இழுத்து முன்னால் வைத்தாள். கட்டிலருகே! முதல் சான்றிதழ் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த பத்தொன்பது வருட ஏக்கம் ஒரு உறைக்குள் அடங்கி எதிரே வந்து நிற்கிறது. விலை, அவள் பார்க்காத நோயாளிகளுக்கு அவள் பெயர். யாருக்கும் தெரியப் போவதில்லை. பேனாவைத் திறந்தாள். ஆனால் கையெழுத்துப் போடச் சொன்னால் முதலில் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவளிடம் இருந்தது. அந்த மருத்துவமனையில் வேறு யாருக்கும் இல்லாத பழக்கம்.

முதல் தாள் படித்தாள். இரண்டாம் தாள் படித்தாள். மூன்றாம் தாளில் பேனாவை மூடினாள்.

மாரியாத்தாள், வயது அறுபத்திரண்டு. போன வியாழக்கிழமை தொடை எலும்பு முறிந்து சேர்ந்தவள், இப்போதும் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். மருந்துப் பட்டியலில் மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை அது, தினமும் போட்டால் வாய் வெந்து, ரத்தத்தின் வெள்ளை அணு குறைந்து, உயிரையே வாங்கிவிடும். தாளில் '1-0-0' என்று இருந்தது. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. தினமும். அதற்குக் கீழே, நேற்று எழுதிய வாய்ப்புண் களிம்பு. எல்லாவற்றுக்கும் கீழே அந்த வரி. 'குறை ஏதும் இல்லை.'

மூன்றாம் மாடிக்கு லிப்டுக்காகக் காத்திருக்கவில்லை. வார்டில் மெஹராஜ் சிஸ்டர் இருந்தாள். நகரத்தின் கரும்புக்கடைப் பகுதிப் பெண், அந்த மருத்துவமனையில் இளவேனிலை 'மேடம்' என்று கிண்டல் இல்லாமல் கூப்பிடுகிற ஒரே ஆள்.

"மெஹராஜ், மூணாம் பெட் அம்மாவுக்கு இந்த மாத்திர எத்தன நாளாக் குடுக்கறீங்க?"

"சேந்த நாள்ல இருந்துங்க மேடம். அவங்க ஊட்டுல இருந்து கொண்டாந்ததுதான். கம்ப்யூட்டர்ல காலை ஒண்ணுன்னு இருக்குது, குடுக்கறோம். ஏன் மேடம், மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிப்போச்சு?"

"வாரத்துக்கு ஒண்ணுன்னு போட அந்தக் கம்ப்யூட்டர்ல எடம் இருக்குதா?"

மெஹராஜ் திரையைப் பார்த்தாள். மருந்துக்கு எதிரே மூன்று கட்டங்கள். காலை, மதியம், இரவு. அவ்வளவுதான். கிழமை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதைச் செய்தவனுக்குத் தெரியாது. அவசரத்தில் இருந்த டாக்டர் பையன், இருக்கிற கட்டங்களில் ஒன்றில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மெஹராஜின் கை வாய்க்குப் போனது. "யா அல்லாஹ்! ஆறு நாளு!"

மாரியாத்தாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். உதடு வீங்கி வெடித்திருந்தது. தட்டில் இட்லி தொடாமல் கிடந்தது.

"ஏனுங்கம்மா, இந்த மாத்திர ஊட்டுல எப்பிடிப் போடுவீங்க?"

"செவ்வாக்கெழம கண்ணு." பேசவே வலித்தது அவளுக்கு. "செவ்வாக்கெழம மாரியாத்தா கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஒண்ணே ஒண்ணு போடுவேன். எங்கூரு டாக்டரம்மா அப்பிடித்தான் சொல்லிப்போட்டாங்க."

"இங்க தெனமும் குடுத்தாங்களே, நீங்க கேக்கலீங்களா?"

"பெரிய ஆசுபத்திரி, பெரிய படிப்பு படிச்சவிய. சின்ன ஊருல வாரம் ஒண்ணு, பெரிய ஊருல தெனம் ஒண்ணு போலன்னு நெனச்சுப்போட்டேன் அம்மணி."

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்கு அந்த மாத்திரையின் கிழமை தெரிந்திருக்கிறது. நான்கு மாடிக்கும் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் சுற்று வந்துகொண்டிருந்தார். இளவேனில் வழியில் போய் நின்றாள். சொன்னாள். அவர் அவளை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபார்மசி ஏன் மேல வந்துச்சு? கீழ யாரு இருக்கா?"

"கீழ யாரோ இருக்காங்க டாக்டர். உடனே ரத்தம் எடுத்து வெள்ளை அணு பாருங்க. மாத்திரய நிறுத்துங்க. அதுக்கு முறிவு மருந்து ஃபோலினிக் ஆசிட் ஊசி நம்ம ஸ்டோர்லயே இருக்குது."

"எனக்கு நீ சொல்லித் தர்றயா? வாய்ப்புண்ணு சூட்டுல வரும்."

"சூட்டுல வெள்ளை அணு கொறையாதுங்க டாக்டர். பாத்துட்டு அப்பறம் என்னத் திட்டுங்க. நான் இங்கயேதான் நிக்கறேன்."

நின்றாள். ஒன்றே கால் மணி நேரம் நின்றாள். ரத்தச் சோதனைத் தாள் வந்தது. டாக்டர் ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைச் சோதனைச்சாலை இல்லாமலே பார்க்க முடிந்தது. "அந்த ஊசியக் கொண்டாரச் சொல்லுங்க" என்று மெஹராஜிடம் சொன்னார். இளவேனிலிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்.

மாலையில் இளவேனில் அந்த அறைக்குத் திரும்பினாள். மாரியாத்தாளின் தாளில் 'குறை ஏதும் இல்லை' என்பதைக் குறுக்கே அடித்தாள். நடந்ததை எழுதினாள். மாத்திரை எத்தனை நாள் போனது, ஏன் போனது, மூன்று கட்டத்தில் நான்காவது கட்டம் இல்லாதது, கண்டுபிடித்த தேதி, நேரம். கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த அறையில் அவள் போட்ட முதல் கையெழுத்து.

புதன்கிழமை காலையில் சசிதர் கூப்பிட்டனுப்பினார். மாரியாத்தாள் தேறிவருகிறாள் என்ற செய்தியோடுதான் ஆரம்பித்தார்.

"உங்க சர்டிபிகேட் ஒரு உசுரக் காப்பாத்திருச்சுங்க. நாளைக்கு வர்றவங்ககிட்ட இதையே காட்டுவோம். ஒரே ஒரு திருத்தம். செவ்வாக்கெழம கண்டுபிடிச்சதா எழுதாதீங்க. வெள்ளிக்கெழமயே கண்டுபிடிச்சு நிறுத்திட்டதா எழுதுங்க. அப்பறம் மத்த தாளையும் முடிச்சுருங்க."

"வெள்ளிக்கெழமயே நிறுத்தியிருந்தா அவங்க வாய் எப்பிடி வெடிச்சுச்சுன்னு கேட்டா?"

"பழைய நோயால வந்ததுன்னு டாக்டர் எழுதிக்குவாரு. அந்தம்மாவுக்கு என்ன தெரியுமுங்க?" அவர் குரல் தேனாக வழிந்தது. "இல்லைன்னா யாராச்சும் ஒருத்தர் மேல நடவடிக்கை எடுக்கோணும். மாத்திரயக் கையில எடுத்துக் குடுத்தது அந்த மெஹராஜ் பொண்ணு. ரெண்டு கொழந்தைங்க வேற. பாவமுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

என்ன கருணை! தன் மூன்று கட்டத்தை மறைக்க இரண்டு குழந்தைகளின் தாயைக் கேடயமாகப் பிடிக்கிற கருணை!

அன்று சாயங்காலம் அருண்குமாரிடம் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பதினைந்து வருடப் பழக்கம்.

"கையெழுத்துத்தான கேக்கறாங்க? என்னமோ உங்கப்பன் ஊட்டுச் சொத்த எழுதிக் குடுக்கற மாதிரி உக்காந்திருக்கறே! பஸ்ஸுல நின்னு நின்னு படிச்சது எதுக்கு? வார்டுக்குப் போறதுக்குத்தான? போ. போயித் தொல."

"அந்தம்மா ஆறு நாள் துடிச்சத நான் இல்லேன்னு எழுதோணுமா?"

"உனக்கு அவங்க யாரு? ஒறவா, சொந்தமா?"

அவள் அவனைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. பல்லடத்துக் கடையில் கத்தரியை வைத்துக்கொண்டு சிரித்தவனின் முகம், சசிதரின் முகம், இந்த முகம், மூன்றும் ஒரே அச்சு. ஒருவனிடம் கல்லா, ஒருவரிடம் ஸ்டெதஸ்கோப், ஒருவனிடம் தாலி. மூவருக்கும் அவள் சுவரில் இருந்தால் போதும்.

"தோசை வார்க்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வாரு" என்றான் அவன், ஜெயித்துவிட்ட மிதப்பில்.

வியாழக்கிழமை நீரூற்று ஓடியது. ஆய்வுக் குழுவில் இரண்டு பேர். ஒருவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தார். இன்னொருவர் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியும் வைத்த அம்மாள், எதையும் படம் எடுக்கவில்லை. சசிதர் முன்னே நடந்தார். "இது எங்க நிபுணர் பிரிவுங்க. இந்த மண்டலத்துலயே அபூர்வம்" என்று கதவைத் திறந்தார். வெள்ளைக் கோட்டோடு இளவேனில் எழுந்து நின்றாள். மேசைமேல் கட்டுகள் இல்லை, மூலையில் இருந்த பீரோவுக்குள் வைத்துவிட்டிருந்தாள். ஒரே ஒரு தாள் இருந்தது. கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது என்று நம்பிய சசிதர் அதைக் கவனிக்கவில்லை. அவர் பூச்செடியை நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரூம்ல எத்தனை நாளா உட்கார்றீங்க?" அம்மாள் கேட்டார்.

அந்த ஒரு நொடியில் சசிதரின் சட்டைப்பையில் உறை தெரிந்தது. பாதி வெளியே நீட்டியபடி, வேண்டுமென்றேதான். ஒன்றாம் தேதி. வார்டு. கட்டிலருகே. பத்தொன்பது வருடம்.

"முந்தாநாள்ல இருந்துங்க" என்றாள் இளவேனில்.

அம்மாள் மேசையருகே வந்தார்.

"அதுக்கு முன்னால?"

"பூட்டியிருந்துச்சுங்க. நான் கீழ கவுண்டர்லங்க. எட்டு மாசத் தாள் அந்த பீரோவுல இருக்குது, ஒண்ணுலயும் என் கையெழுத்து இல்ல, நான் அவங்கள யாரையும் பாக்கலீங்க. பாத்தது இந்த ஒருத்தரத்தான்." தாளை நீட்டினாள். "குடுத்த நர்சு மேல தப்பு இல்லீங்க. கம்ப்யூட்டர்ல மூணு கட்டந்தான் இருக்குது. அதையும் எழுதியிருக்கறேன்."

அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுத் தாளையும் படித்தார். படித்து முடித்ததும் சசிதரைப் பார்த்து, "மூணாம் மாடிக்குப் போலாமா டாக்டர்?" என்றார். சசிதரின் புன்னகை மட்டும் முகத்தில் தங்கியிருந்தது, வாடகைக்கு வந்தவன் காலி செய்ய மறந்துவிட்ட மாதிரி.

நாலு மணிக்கு அவர் அவளை அழைத்தார். மரியாதை அப்போதும் குறையவில்லை. "நாளைல இருந்து நீங்க வரவேண்டாமுங்க" என்றார்.

"சரீங்க" என்றாள். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

இரண்டாம் மாடிக்குப் போய்த் தேக்குச் சட்டத்தைக் கழற்றினாள். இந்த முறை ஸ்டூல் தேவைப்படவில்லை, கண்மட்டத்தில்தான் மாட்டியிருந்தார்கள், வருகிறவர்கள் படிக்க வேண்டுமே. வாசலில் செக்யூரிட்டி மறித்தான்.

"கேட் பாஸ் வேணுமுங்க மேடம். ஆஸ்பத்திரிச் சாமான வெளிய கொண்டுபோகக் கூடாதுங்க."

"இது என்ற சர்டிபிகேட்டுங்க."

"பின்னால ஸ்டிக்கர் இருக்குதுங்களே" என்று அவன் திருப்பிக் காட்டினான். சட்டத்தின் முதுகில் மருத்துவமனையின் சொத்து எண் ஒட்டியிருந்தது. எண் நாற்பத்தேழு. பொருள்: சுவர் அலங்காரம்.

இளவேனில் அதைப் படித்தாள். அந்த மருத்துவமனையில் அவளைப் பற்றி எழுதப்பட்டதிலேயே உண்மையான வரி அதுதான். சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு, கண்ணில் நீர் வருகிற வரை. செக்யூரிட்டி பயந்துபோனான். அவள் நீரூற்றின் திண்டில் உட்கார்ந்து, சாவியால் சட்டத்தின் பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். காகிதத்தை மட்டும் உருவி எடுத்தாள். கண்ணாடியையும் தேக்கையும் அவன் கையில் கொடுத்தாள்.

"சட்டம் உங்குளுதுங்க. எண்ணி வாங்கிக்குங்க. பேரு என்னுது."

காந்திபுரத்தில் சூலூர் பஸ்ஸில் அன்றைக்கு உட்கார இடம் கிடைத்தது. சுருட்டிய காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அழவில்லை என்று சொன்னால் பொய். சிங்காநல்லூர் தாண்டும் வரை அழுதாள். அதன் பிறகு ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த மருத்துவமனைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகுமா? குறைகளைச் சரிசெய்ய மூன்று மாத அவகாசம் கிடைத்தது. கம்ப்யூட்டரில் நான்காவதாக 'கிழமை' என்று ஒரு கட்டம் வந்தது, அதைத் தங்கள் புதுக் கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் விளம்பரம் போட்டுக்கொண்டார்கள். மெஹராஜின் வேலைக்கு ஆபத்து வரவில்லை, தாளில் எழுதியிருந்ததை அந்த அம்மாள் வரிக்கு வரி எடுத்துப் போயிருந்தார். போன மாதம் மெஹராஜ் போன் செய்தாள்.

"மேடம், உங்க சட்டத்துலயே வேற ஆளோட சர்டிபிகேட்ட மாட்டிட்டாங்க. அந்த ஆளு பெங்களூர்ல இருக்காராம். நாங்க யாரும் மூஞ்சியப் பாத்ததில்ல. ரூம்ல மறுபடியும் தாம்பூலப் பை."

"அந்தப் பைய நல்லாப் பாத்துக்கச் சொல்லு மெஹராஜ். அது ஒண்ணுதான் அங்க நெசமான சரக்கு."

இளவேனில் இப்போது பல்லடத்தில் முப்பது கட்டில் உள்ள ஒரு சின்ன மருத்துவமனையில் இருக்கிறாள். அங்கே அவளுக்கு அறை கிடையாது, பலகை கிடையாது. நடத்துகிற டாக்டரம்மா முதல் நாளே, "என் சீட்டுல தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போடு" என்று சொல்லிவிட்டாள். மாரியாத்தாளுக்குச் செவ்வாய்க்கிழமை மாத்திரை எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று கேட்டதற்கு இளவேனில் வேண்டாம் என்றாள். அது அவள் கைப்பையில், பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பில்லாமல் இருக்கிறது. அருண்குமார் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவன் திருந்துவதற்குக் கொடுத்த அவகாசத்துக்கு அவள் கெடு எதுவும் வைக்கவில்லை. வைத்திருக்கிறாளோ என்னவோ, அவனிடம் சொல்லவில்லை.

காலைச் சுற்றில் நாலாம் கட்டிலருகே நிற்கும்போது அவள் போன் அடிக்கும். வாரா வாரம், தவறாமல்.

"கண்ணு, நான் மாரியாத்தா பேசறேன். கோயிலுக்குப் போயிட்டு வந்துட்டேன். இன்னிக்குச் செவ்வாதான?"

"செவ்வாதானுங்க அம்மா. ஒண்ணே ஒண்ணு போடுங்க."

"நீ சொல்லிப்போட்டீன்னா செரி, போட்டுக்கறேன்" என்பாள் அவள். ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்கிற வரை இளவேனில் போனை வைப்பதில்லை.